வன்னிக் கிராமத்துப் பிள்ளைகளோடு சமாதானம் பயில: கம்பஸ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வவுனியா பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படித்துக்கொண்டு, சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து உருப்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வவுனியா வளாகம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கி 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் கிளிநொச்சியில்தான் இருக்கின்றன. இவ்வளவு இளைஞர்கள் வன்னிக்குள்ளேயே படித்தும், விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையில் நாலு வருடம் ஓடிப்போய், மதிலுக்கு அப்பால் இருக்கும் ஊரின் பெயர்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

செய்யப்போகும் வேலை இதுதான். எட்டுப் பத்துப் பள்ளிப் பிள்ளைகள், வழிகாட்டிகளாக உங்களில் இரண்டு பேர். பிள்ளைகள் தங்கள் ஊரில் ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைப் பற்றி விசாரித்துப் படிக்கிறார்கள். தங்களால் முடிந்த ஒரு வேலையைச் செய்கிறார்கள். பிறகு உட்கார்ந்து, நடந்ததைப் பேசுகிறார்கள். இந்தப் போக்கிலேயே மற்றவர் சொல்வதைக் கேட்கவும், கைநீட்டாமல் சண்டை பிடிக்கவும், தன் பக்கத்து நியாயத்தைப் பயமில்லாமல் சொல்லவும் பழகுகிறார்கள். சேவைவழிக் கற்றல் என்று சொல்வது இதைத்தான்.

இது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தில் கனதொலுவ என்ற, சாதியால் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப்போய் மக்களோடு சேர்ந்து வேலை செய்யவைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. சிரமதானம் எங்கள் ஊர்களிலும் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் புல்லைச் செருக்கி, குப்பையை அள்ளி, பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் இடம் துப்புரவாகும், பிள்ளை எதையும் படித்திருக்காது. கடைசியில் வரும் அந்தப் பேச்சை விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு காலம் வரமுடியும்?

எல்லாவற்றுக்கும் முதல் இதை முடிவு செய்யுங்கள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு வன்னிக்கு எத்தனையோ திட்டங்கள் வந்தன. பெயர்ப்பலகை நட்டார்கள், பயிற்சிப்பட்டறை வைத்தார்கள், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள், நிதி முடிந்ததும் போய்விட்டார்கள். அதனால் ஊர்ச்சனம் உங்களைக் கண்டதும் "எவ்வளவு காலத்துக்கு வருவியள்?" என்றுதான் கேட்கும். அதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

இரண்டு கிழமைக்கு ஒருதடவை, இரண்டு மணித்தியாலம், ஒன்பது மாதம் என்பது தாங்கக்கூடிய அளவு. கிழமைக்கு இரண்டு நாள் வருவோம் என்று சொல்லிவிட்டு, செமஸ்டர் பரீட்சை வந்ததும் காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். நாட்களைக் குறிக்கும்போது பள்ளித் தவணையையும் வயல் வேலையையும் பாருங்கள். காலபோக அறுவடை மாசி மட்டும் போகும். அந்த நேரத்தில் பெரிய பிள்ளைகள் வயலில் நிற்பார்கள். கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்போ தேவாலயமோ இருக்கும், சனிக்கிழமை ரியூசன். எந்த நேரம் வசதி என்று பிள்ளைகளையும் தாய்மாரையும் கேட்டே வையுங்கள். பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டுப்பட முன் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். பஸ் நேரத்தைப் பார்க்காமல் கூட்டம் வைக்கவே கூடாது.

தரம் 9, 10 பிள்ளைகள்தான் இதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். பதினோராம் தரத்துக்குச் சாதாரண தரப் பரீட்சை கழுத்தில் நிற்கும்.

யாரிடம் அனுமதி?

பள்ளிக்கூடத்துக்குள் நடத்துவதென்றால் அதிபரிடம் மட்டும் பேசினால் போதாது. வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். சனசமூக நிலையத்திலோ பொதுநோக்கு மண்டபத்திலோ என்றால் கிராம அலுவலரிடமும், கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும், மாதர் சங்கத்திடமும் போங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை ஆரம்பத்திலேயே சந்தித்து வையுங்கள். பின்னால் ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் நீங்கள் ஓடவேண்டிய முதல் ஆள் அவர்தான்.

உங்கள் துறைத் தலைவரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். அதில் பெரிய வார்த்தைகளை அடுக்காமல் எந்த வயதுப் பிள்ளைகள், எந்த நாள், எந்த இடம், யார் பொறுப்பு, செலவு யாருடையது என்று தெளிவாக எழுதுங்கள். சமூக இணக்கத்துக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிக் கல்வி அமைச்சு 2008இலேயே ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டால் அலுவலகத்தில் விளங்கப்படுத்துவது சுலபம். இங்கே இளைஞர்கள் கூடினால் யாராவது வந்து விசாரிப்பதும் உண்டு. பதறத் தேவையில்லை. கடிதத்தின் பிரதியைக் காட்டுங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் பொறுப்பான கல்வி, சிறுவர் உத்தியோகத்தர் தவிர வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஊரை அறிதல்

பிள்ளைகளைச் சேர்க்க முன் இரண்டு மூன்று பின்னேரம் ஊருக்குள் நடந்து திரியுங்கள். கடையில் தேத்தண்ணி குடியுங்கள், கோயில் வாசலில் இருங்கள், வாய்க்கால் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சமாதானம் என்றால் தமிழர், சிங்களவர் விவகாரம் மட்டும்தான் ஞாபகம் வரும். ஒரு வன்னி வகுப்பறையை எட்டிப் பாருங்கள். குளத்தடியில் பரம்பரையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளை இருக்கும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளை இருக்கும்; காணி உறுதியில் இழுபறி, "தோட்டக்காட்டான்" என்ற பேச்சு இரண்டும் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்கும். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் இருக்கும். மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் என்றால் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும். வவுனியா தெற்கிலும் மணலாற்றிலும் சிங்களக் கிராமங்கள் அடுத்த வேலியில் இருக்கின்றன. இயக்கத்தில், அதாவது விடுதலைப் புலிகளில், இருந்தவரின் வீடும், இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடும் ஒரே ஒழுங்கையில் இருக்கும். சாதி வேறு. இவ்வளவும் ஒரு வகுப்புக்குள் வாங்கு போட்டு உட்கார்ந்திருக்கிறது. சமாதானக் கல்வியை முதலில் அந்த வாங்கில்தான் தொடங்கவேண்டும்.

வழிகாட்டிகளின் ஆயத்தம்

ஒரு குழுவுக்கு ஒரு அக்கா, ஒரு அண்ணா. ஆசிரியரிடம் சொல்லப் பயப்படுவதைப் பிள்ளை உங்களிடம் சொல்லும். ஆறேழு வயதுதான் மூப்பு, உயர்தரம் பாஸ் பண்ணிப் போனவர்கள் என்ற மதிப்பும் இருக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியாக, மற்றவர் பார்வைக்கு மறைவான இடத்தில் இருக்கக்கூடாது. தனிப்பட்ட முறையில் வாட்ஸ்அப்பில் பேசக்கூடாது. தகவல் எல்லாம் பெற்றோரின் தொலைபேசிக்குப் போகட்டும். பெற்றோர் கையெழுத்தில்லாமல் படம் எடுக்கக்கூடாது, எடுத்தாலும் முகநூலில் போடாதீர்கள். கடன், பரிசு என்று எதுவும் கொடுக்காதீர்கள். அடி, துன்புறுத்தல், துஷ்பிரயோகம் பற்றிப் பிள்ளை சொன்னால், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யவேண்டாம். கேளுங்கள், நம்புங்கள், அன்றைக்கே சிறுவர் உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இன்னொரு விஷயம். இன்றைக்குப் பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். பங்கரை அவர்கள் கண்டதில்லை. வழிகாட்டிகளில் வன்னியில் பிறந்தவர்களுக்கு அந்த வருடம் நாலைந்து வயது இருந்திருக்கும். ஷெல் சத்தமும் மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரமும் அவர்களுக்குள் இருக்கும். எனவே பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போது முதலில் உடைவது வழிகாட்டியாகவே இருக்கக்கூடும். பிள்ளைகளைச் சந்திக்க முன் நீங்கள் உங்களுக்குள் ஒரு நாள் இருந்து பேசுங்கள். யாருக்கு எந்தக் கதை கனம் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தால், தேவைப்படும் நேரம் ஒருவர் எழுந்து வெளியே போகலாம், மற்றவர் தொடரலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 உதவி இலக்கம் உங்களுக்கும்தான்.

முதல் சந்திப்புகள்

வட்டமாக, எல்லோரும் ஒரே உயரத்தில், பாயில் இருங்கள். ஒரு பொருளைக் கைமாற்றுங்கள். பனங்கொட்டையோ பந்தோ எதுவானாலும் சரி. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், பேச விருப்பமில்லாதவர் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விதிகளைப் பிள்ளைகளே சொல்லி, தாங்களே எழுதட்டும். நையாண்டிப் பெயர் வைத்துக் கூப்பிடுவது பற்றி எப்படியும் ஒரு பிள்ளை எழுப்பும். அதிலேயே முதல் பாடம் இருக்கிறது. யாரை எப்படிக் கூப்பிடுகிறோம், அவருக்கு எப்படி இருக்கும் என்று பேசினாலே ஒரு பின்னேரம் போய்விடும்.

"யுத்தத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். கதை வாங்கிக்கொண்டு போனவர்கள் இங்கே போதும். பிள்ளை தானாகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள், சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளையும் சொல்லும்படி தூண்டாதீர்கள்.

யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் வைகாசி (மே) 18ஐ ஒட்டிய கிழமையிலும், மாவீரர் நாள் வரும் கார்த்திகைக் கடைசியிலும் விளையாட்டு, கலைநிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். பல வீடுகளில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்குகிறது. 2017இல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று வருடக்கணக்காகக் கேட்டபடி இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் "பழசை மறந்து முன்னேறுவோம்" என்று சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. நீதி கேட்பதும் சமாதான வேலைதான். அது தெரியாத வழிகாட்டி வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

இரணைமடுத் தண்ணீரை வைத்து ஒரு பயிற்சி

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் இதைச் செய்து பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் சீவியம். அந்த நீரும் உரத்தாலும் மலக்குழிகளாலும் பல இடங்களில் கெட்டுப்போயிருக்கிறது. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவிலிருந்து அங்கே குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். சிறுபோகத்தில் குளத்தின் இருப்பைப் பார்த்து வயலின் ஒரு பகுதிக்குத்தானே தண்ணீர் கிடைக்கிறது, அதிலும் பங்கா என்று கேட்டார்கள். கடைசியில் கடலோர ஊரான தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது.

பிள்ளைகளை நாலாகப் பிரியுங்கள்: இரணைமடு விவசாயி, குடாநாட்டில் கிணறு கெட்டுப்போன வீட்டுத் தாய், நீர்ப்பாசனப் பொறியியலாளர், தாளையடிக் கடற்றொழிலாளி. ஒவ்வொரு குழுவும் தனக்கு என்ன வேண்டும் என்று முதலில் சொல்லட்டும். அடுத்து, ஏன் அது வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று சொல்லட்டும். பிறகு இடம் மாறி, எதிர்ப்பக்கத்து ஆளாக இருந்து பேசட்டும். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இடம் மாறுவது லேசில்லை. அப்பாவின் வயல் அது. அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தச் சண்டையில் எல்லாப் பக்கத்திலும் தமிழர்தான். நல்லவன் கெட்டவன் என்று பிரிக்கமுடியாது, எல்லோருக்கும் நியாயம் இருக்கிறது, தண்ணீர்தான் போதாது. இதை அலசிப் பழகிய பிள்ளை, நாளைக்கு இன்னும் சிக்கலான பிரச்சினையைப் பார்க்கும்போது கோஷத்துக்குள் விழாமல் கேள்வி கேட்கும். முடிவு ஒன்றை எழுதி ஒப்புக்கொள்ளவேண்டும் என்று நெருக்காதீர்கள். தீராமல் வீட்டுக்குப் போனாலும் பரவாயில்லை.

வேலையைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும்

ரொஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெப்புக்காகச் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். கீழ்ப்படியில், பெரியவர்கள் எழுதிக்கொடுத்த பதாகையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேற்படியில், பிள்ளைகளே தொடங்கி, பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பார்கள். உங்கள் குழு எந்தப் படியில் நிற்கிறது என்று இடைக்கிடை பாருங்கள்.

பிள்ளைகளை ஊர் வரைபடம் கீறச் சொல்லுங்கள். பிடித்த இடம் பச்சை, பயமான இடம் சிவப்பு. ஆம்பிளைப் பிள்ளைகளின் வரைபடமும் பொம்பிளைப் பிள்ளைகளின் வரைபடமும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய ஒரு வேலையைத் தெரியவேண்டும். அதில், தங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் போய்ப் பேசவேண்டிய தேவையும் இருக்கவேண்டும். வெறும் பெயின்ற் அடிப்பது அதனால்தான் எனக்குத் திருப்தி தருவதில்லை.

பஸ் உதாரணத்தைப் பாருங்கள். சீசன் ரிக்கற் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிறுத்தாமல் போகிறது என்பது உள்ளூர் வீதிகளில் பழைய முறைப்பாடு. பிள்ளைகள் இரண்டு கிழமை எந்த நேரம், எந்தத் தரிப்பிடம், எத்தனை பேர் விடப்பட்டார்கள் என்று கொப்பியில் குறிக்கட்டும். பிறகு சாரதியையும் நடத்துநரையும் நேரில் கேட்கட்டும்: நெரிசலா, நேர அட்டவணையா, மிதிபலகையில் தொங்குவார்கள் என்ற பயமா? கணக்கையும் கேட்டறிந்த காரணத்தையும் சேர்த்து பஸ் டிப்போவுக்குக் கடிதம் எழுதட்டும். தாங்களும் வரிசையாக ஏறுவோம் என்று ஒரு பொறுப்பை ஏற்கட்டும். விசாரணை, எழுத்து, பேச்சுவார்த்தை, விட்டுக்கொடுப்பு எல்லாம் இதற்குள் வந்துவிடும். வயலுக்குள் இறங்கும் கட்டாக்காலி மாடு, வாசிகசாலைக்கு வராத பத்திரிகை, தனியாக இருக்கும் முதியவர்களின் படிவங்களை நிரப்பிக்கொடுப்பது என்று இப்படி நிறைய இருக்கிறது.

மண்ணில் கைவைக்க முன்

இதைத் தளர்த்தவே கூடாது. மிதிவெடித் தடையை உடன்படிக்கையாக்கிய ஒட்டாவா சாசனத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. வன்னியில் பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது. எல்லா இடமும் இல்லை. சனம் தொடர்ந்து நடமாடும், பயிர்செய்யும் இடத்தில் மட்டும், அதுவும் கிராம அலுவலரைக் கேட்டபின் வெட்டுங்கள். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் பந்து போனாலும் போகவேண்டாம். கூட்டி அள்ளிய சருகையும் குப்பையையும் பற்றைக்குள் போட்டுக் கொளுத்தாதீர்கள். உள்ளே வெடிக்காத பொருள் கிடக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு பழைய இடத்தையும் புதிதாகவே பாருங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கு அறிவியுங்கள். பிள்ளைகள் இதைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பதே ஒரு நல்ல சேவை.

பனங்கொட்டை நடுவதென்றால் மழைக்கு முன், ஆவணி புரட்டாசியில் விதை சேர்க்கலாம். சிறிய குளம் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு, பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. குளக்கட்டில் எங்கே நடலாம், எங்கே கூடாது என்று அவர்களைக் கேட்டபின் நடுங்கள்.

வேலை முடிந்த கையோடு பேசுங்கள்

அடுத்த சந்திப்புக்குத் தள்ளிப்போடாதீர்கள். கைகால் கழுவி, தேத்தண்ணி வந்ததும் வட்டமாக இருந்து இருபது நிமிடம். "என்ன படித்தீர்கள்?" என்று கேட்டால் பரீட்சைப் பதில்தான் வரும். இன்றைக்கு யார் அதிகம் பேசினார், யார் பேசவே இல்லை? எந்த இடத்தில் உனக்குக் கோபம் வந்தது, அப்போது என்ன செய்தாய்? நாங்கள் உதவி செய்ததாக நினைத்தவர் உண்மையில் அதை விரும்பினாரா? மண்வெட்டி யார் கையில் இருந்தது, தேத்தண்ணி யார் ஊற்றினார்? கடைசிக் கேள்விக்குப் பிறகு ஒரு அமைதி வரும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். ஒரு பிள்ளை பேசும். அடுத்த முறை வேலையைப் பிரிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

வேறு ஊர்ப் பிள்ளைகளைச் சந்திப்பது

சிங்கள, முஸ்லிம் கிராமத்துக் குழுக்களோடு சேரும் ஆசை உங்களுக்கு முதல் மாதமே வரும். ஆறு மாதமாவது பொறுங்கள். தங்களுக்குள்ளேயே கேட்கப் பழகாத பிள்ளைகளை மேடையில் கைகோத்து நிற்கவைத்தால் படம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். சேரும்போது ஒரு வேலைக்காகச் சேருங்கள். இரு ஊருக்கும் பொதுவான வாய்க்காலோ வைத்தியசாலை வளவோ கிடைத்தால் நல்லது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்களையும் வழிகாட்டிகளாகச் சேர்த்தால் மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைக்கும். மொழிபெயர்த்துப் பேசினால் நேரம் இரட்டிப்பாகும், நிகழ்ச்சியைப் பாதியாகக் குறையுங்கள். சாப்பாடு எல்லோரும் உண்ணக்கூடிய மரக்கறியாக இருக்கட்டும். பேருந்தில் திரும்பி வரும்போது பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவதைக் கேளுங்கள். அதை வைத்தே அடுத்த சந்திப்பை ஒழுங்கு பண்ணலாம்.

கணக்கும் கைமாற்றமும்

பெரிய காசு தேவையில்லை. தாள், பேனா, தேத்தண்ணி, பஸ் செலவு. வந்ததும் போனதும் ஒரு தாளில் எழுதி சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள். உங்கள் இறுதி வருடம் வரும்போது புதிய வழிகாட்டிகளை மூன்று சந்திப்புக்காவது கூடவே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். வீடுகளுக்கும் போய் அறிமுகம் செய்துவையுங்கள். எந்த நாளோடு விலகுகிறீர்கள் என்று பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லவேண்டும்.

சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை உதவி வழிகாட்டிகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் கைநழுவிப் போவது அந்த மாதங்களில்தான். பெடியன் கூலி வேலைக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறான். பொம்பிளைப் பிள்ளைக்கு வீட்டில் கலியாணப் பேச்சு எடுக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருதடவை ஒரு பொறுப்பும், உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுக்கலாம் என்று கேட்க ஒரு அக்காவும் இருந்தால் அவர்களில் சிலராவது பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவார்கள். பெறுபேறு வரும் கிழமையில் அவர்களின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.